ஏழு வாரம்

2024இல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மே 10ஆம் தேதி வந்தது. தவறியவர்களுக்கான துணைத் தேர்வு ஜூலை 2ஆம் தேதி தொடங்கியது. 2025இல் முடிவு மே 16, துணைத் தேர்வு ஜூலை 4. நடுவே கிடக்கும் காலம் ஏறக்குறைய ஏழு வாரம். ஒரே ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு அரசு தரும் அவகாசம் இது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்பதும் தொடர்வதும் இந்த ஏழு வாரத்தில்தான் முடிவாகிறது என்பது இத்தனை ஆண்டுகளாகப் பார்த்து நான் வந்து சேர்ந்த எண்ணம்.

இந்த வாரங்கள் இங்கே எப்படிப்பட்டவை என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முல்லைப் பெரியாறு அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் 1ஆம் தேதி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம். நாற்றங்கால், உழவு, நடவு என்று வயலுக்கு ஆள் தேடுகிற நேரம். சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஓடைப்பட்டிப் பக்கம் பந்தல்களில் பன்னீர் திராட்சைக்கு வருடம் முழுக்க ஏதாவது ஒரு வேலை இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அது. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் பருவமழை இறங்கியதும் ஏலத்தோட்டங்களில் களையெடுப்பு, உரம் வைப்பு, கன்று நடவு. விடிவதற்கு முன்பே கூடலூரிலும் கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஏறிவிடும். வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை என்று இறக்கிவிட்டு, பொழுது சாயக் கூட்டி வரும்.

வறண்ட மாவட்டங்களில் பெயிலான பையன் வீட்டில் முடங்கிக் கிடப்பான். அவன் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமலாவது யாரேனும் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். இங்கே அவனைக் கிடக்க விடுவதில்லை. “சும்மாதானக்கா இருக்கான், கூட அனுப்பி விடு, பொழுது போகும்” என்று பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனசோடுதான் சொல்வார். பத்து நாள் போய் வரட்டும் என்று அப்பாவும் நினைப்பார். முதல் சனிக்கிழமை கூலி கைக்கு வருகிறது. முடிவு வந்த நாளிலிருந்து தெருவில் தலை குனிந்து நடந்த பிள்ளை அன்றைக்கு நிமிர்ந்து நடக்கிறான். தங்கச்சிக்குப் பண்டம் வாங்கி வருகிறான். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பதினைந்து வயதில் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற பெருமை உண்மையானது. அதனால்தான் அது அவ்வளவு பலமாக இழுக்கிறது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் அவகாசம் முடிவு வந்து சில நாளில் திறந்து, இரண்டு வாரத்தில் மூடிவிடும். அதை யாராவது நினைவுபடுத்தும்போது பையன் மலையில் இருப்பான்.

சட்டமும் இந்த வயதில்தான் கையை விடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குமானது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தம் 14 வயதுக்கு மேல் 18க்குள் இருப்பவர்களை ஆபத்தான வேலையில் சேர்க்கக் கூடாது என்கிறது, மற்ற வேலைக்குத் தடையில்லை. பத்தாம் வகுப்பு எழுதுகிற பிள்ளைக்கு வயது 15. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காத தமிழ்நாட்டில், அரசுத் தேர்வு என்பது அநேகப் பிள்ளைகள் ‘தோல்வி’ என்ற சொல்லைத் தங்கள் பெயருக்கு எதிரே முதன்முதலாகப் பார்க்கும் இடம். பார்க்கிற வேளையில், பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்று கேட்க எந்தச் சட்டமும் இல்லை.

“கணக்குல போயிருச்சு” என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சில வீடுகளில் இங்கிலீஷ். ஐந்து பாடம் எழுதி நான்கில் தேறியிருக்கிறான் என்ற விவரம் அந்தப் பேச்சில் காணாமல் போய்விடுகிறது. போன அந்தக் கணக்கில் எவ்வளவு போனது என்று பார்த்தால் பத்து மதிப்பெண், சில சமயம் ஆறு, ஏழு. தேர்ச்சிக்கு 35 வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் எப்படி அமைந்திருக்கிறது என்று பெற்றோர் ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணுக்குப் பத்து, ஐந்து மதிப்பெண்ணுக்குப் பத்து. கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். வடிவொத்த முக்கோணம் வரைவதும் வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதும் கையால் பழகுகிற காரியம். ஸ்கேலும் காம்பசும் பிடித்துத் தினமும் ஒன்று என்று போட்டுப் பார்த்தால் மூன்று வாரத்தில் கை பழகிவிடும். வரைபடமும் அப்படியே. இந்த இரண்டிலும் சேர்த்து 16. புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் இருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகளைப் படித்தால் ஒன்பது, பத்து தேறும். மீதிக்கு முதல் பாடமான உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், அணிகள் என்று சிலதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஏழு வாரத்தில் ஏறக்கூடிய உயரம்தான் இது. தினம் இரண்டு மணி நேரம் கூட உட்கார ஒரு ஆள் வேண்டும், அவ்வளவே. ஆசிரியர்தான் வேண்டும் என்றில்லை, பாலிடெக்னிக் படிக்கிற பக்கத்து வீட்டு அண்ணன் போதும்.

இப்படித் தேறிவிட்டால் கணக்கு வந்துவிட்டதாக அர்த்தமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மெல்லக் கற்போருக்கு என்று பள்ளிகளில் கொடுக்கிற மினிமம் மெட்டீரியல் பாஸ் போட வைக்கும், பயத்தை எடுக்காது. பத்தாம் வகுப்பில் தவறுகிற பிள்ளை பத்தாம் வகுப்பில் தவறுவதில்லை. நாலாம் வகுப்பில் நீள் வகுத்தல் வந்த நாளில் காய்ச்சலில் படுத்திருப்பாள், அல்லது பின்னத்தைக் கூட்டுகிற இடத்தில் ஒருமுறை அடி வாங்கியிருப்பாள். அதன் பிறகு ஆறு வருடம் கரும்பலகையைப் பார்த்து எழுதி வந்திருப்பாள். தேற வைக்கிற அவசரத்துக்கு நடுவிலும் அந்த அண்ணனோ அக்காவோ ஒரு நாளை ஒதுக்கி, வகுத்தலிலும் பின்னத்திலும் எங்கே நின்றது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். யாரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். டெரெசின்யா நூனெஸ் கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985இல் வெளியிட்டது. ரெசிஃபி நகரத்துச் சந்தையில் தேங்காயும் பழமும் விற்கிற ஐந்து பிள்ளைகள், 9இலிருந்து 15 வயது வரை. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரி போய் விலை கேட்டு, சில்லறை கேட்டுக் கணக்குப் போட வைத்தார்கள். நூற்றுக்கு 98 விடை சரி. அதே எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 தான் சரி. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு பையன், மூன்று காய் 105, இன்னும் மூன்று 210 என்று ஏறிப் போய் 350க்கு வந்து சேர்ந்தான். பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள் என்று பள்ளியில் சொன்னது அவனுக்கு உதவவில்லை. நம் ஊரிலும் இதைத் தினம் பார்க்கலாம். ஆறு பேர் சேர்ந்து எடுத்த வேலைக்கு முன்பணம் கழித்து, பாதி நாள் வந்த ஆளுக்குப் பாதி போட்டு, மீதியைப் பிரித்துக் கொடுக்கிற அம்மா எந்தத் தாளிலும் எழுதிப் பார்ப்பதில்லை.

இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு பள்ளிக் கணக்கே வீண் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயத்தொலை வடிவியல் சந்தையில் கிடைக்காது. கூலிக் கணக்கு நன்றாகத் தெரிந்த அந்த அம்மா தன் மகள் அதற்கு மேலே போக வேண்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்பினார். மனம் ஏற்கெனவே செய்கிற கணக்கிலிருந்து தாளில் செய்கிற கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியே யாராவது கூட்டிப் போனால் பிள்ளை வரும் என்பது மட்டும்தான் ரெசிஃபியிலிருந்து நமக்குக் கிடைக்கிற செய்தி.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தேனியில் உடனே இரண்டு ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். பண்ணைப்புரம், அல்லிநகரம். இளையராஜாவும் பாரதிராஜாவும் என்ன காலேஜிலா படித்தார்கள் என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் ராமானுஜன் வரை போவார்கள். ராமானுஜன் கதையில் ஆறுதல் சொல்பவர்கள் தாண்டிப் போகிற பகுதி ஒன்று உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்றப் பாடங்களை விட்டதால் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் கணிதத்தில் வென்று மற்றதில் தவறினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும் வரை, பட்டம் இல்லாத காரணத்தால் வறுமையில் அலைந்தார், உடம்பும் கெட்டது. 1913இல் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் குப்பைக்குப் போயிருந்தால் நாம் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டோம். மேதைக்கே ஒரு தேர்வு ஐந்தாறு வருடத்தைத் தின்றிருக்கிறது. கணக்கில் 28 வாங்கி வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் இளையராஜாவைப் பற்றிப் பேசுவது அவளைக் கைகழுவுவதற்குச் சமம். அவள் மேதையாக வேண்டியதில்லை. இன்னும் ஏழு மதிப்பெண் வாங்க வேண்டும், அதற்கு ஒரு வழி வேண்டும்.

ஒரு பாடம் நின்றுபோனால் என்ன நிற்கும் என்பதையும் பிள்ளைகளிடம் திறந்து சொல்ல வேண்டும். பயமுறுத்தலாக வேண்டாம், விவரமாகச் சொல்லலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று குறிப்பு விழும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியே அனுமதி வாங்க வேண்டும். குரூப் 4 தேர்வு எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கும் வேண்டும். வேலையில்லாதவர்களுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகையில்கூடப் பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300. ஐடிஐயில் சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வெல்டரோ வயர்மேனோ ஆக விருப்பமுள்ள பிள்ளை அங்கே போவது தோல்வியின் அடையாளம் இல்லை, நல்ல தீர்மானம். சேர்ந்த பிறகும் அந்த ஒரு பாடத்தை எழுதி முடித்துவிடலாம்.

பிளஸ் டூவில் ஒன்று நின்றவர்களுக்கு வேறு ஒரு குழி இருந்தது. தேறாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கலாம் என்று கேள்விப்பட்டுப் பலர் சேர்ந்தார்கள். பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வாங்காத பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணை வந்தது. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய ஒரே பாடத்துக்காகத் திரும்பி வர வேண்டியவர்களை அது உண்டாக்கியது. முப்பது வயதில் தேர்வு மையத்தில் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்வது எளிதில்லை. அப்படி வந்து உட்கார்ந்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஏழு வாரம் வேறு விதமாகக் கழிகிறது. ஜீப்பைவிட முன்னால் வந்து நிற்பது மாப்பிள்ளைப் பேச்சு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டத்தில் மணப்பெண் பத்தாம் வகுப்பு வரை படித்திருந்தால் போதுமாயிருந்தது, தேர்ச்சியோ தோல்வியோ 25,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கிடைத்தன. ஏராளமான பெண்களைப் பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் வைத்திருந்த திட்டம் அது. நன்றியோடுதான் நினைக்கிறேன். 2022இல் அதைப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்குக் கொடுக்கிறார்கள், சரியான மாற்றம். ஆனால் பழைய திட்டம் கணக்கில் தவறிய பெண்ணையும் தன் பட்டியலில் வைத்திருந்தது. புதியதில் அவளுக்கு இடமிருக்க வேண்டுமானால் அவள் முதலில் மேலே படிக்கப் போயிருக்க வேண்டும். துணைத் தேர்வு எழுத வைப்பதற்கென்று ஒரு சிறு தொகை அவள் பெயரில் அந்த ஏழு வாரத்துக்குக் கிடைத்தால், ஜூன் மாதத்துக் கூலியோடு அந்தத் தொகை போட்டி போடும். அரசு இதைச் செய்ய வேண்டும்.

2020இல் கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து, பள்ளியில் படித்த எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். தனித்தேர்வர்கள் அதில் சேரவில்லை. முன்பு தவறியிருந்த அவர்கள் மட்டும் அந்த செப்டம்பரில் முகக்கவசம் போட்டுக்கொண்டு தேர்வு எழுதப் போனார்கள். 2021இல் பிளஸ் டூவுக்கும் அதே கதை, தனித்தேர்வர்கள் ஆகஸ்டில் எழுதினார்கள். ஒரு மாநிலம் முழுக்கத் தேறிய ஆண்டில், யாருக்கு அதிக உதவி தேவைப்பட்டதோ அவர்களே வெளியே நின்றார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வரவில்லை என்று தெரிந்து தமிழ்நாடே அதிர்ந்தது. அதில் பலர் முந்தைய ஆண்டு பிளஸ் ஒன்னிலேயே தவறியவர்கள் அல்லது எழுதாமல் விட்டவர்கள், பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தவர்கள். தவறிய உடனே யாரும் போய்க் கூப்பிடாத பிள்ளைகளின் கூட்டம் அது.

கூப்பிடுவது என்றால் முடிவு வந்த அன்றே. வீட்டில் அந்த இரவில் பேசுகிற பேச்சு முக்கியம், பேசாமல் இருப்பது அதைவிடப் பெரிய காயம். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டால் பிள்ளை அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் சில நாள் பிள்ளையைத் தனியே விட வேண்டாம். சொந்தக்காரர் போனை அம்மாவே எடுத்துப் பதில் சொல்லட்டும். பேச்சு வேறு மாதிரி போகிறது, பிள்ளை ரொம்பவும் ஒடுங்கிவிட்டது என்று தோன்றினால் 104க்கோ 14416க்கோ கூப்பிடலாம், எந்த நேரமும் ஆள் பேசுவார்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 தேர்வு, விண்ணப்பம் பற்றியும் சொல்லும்.

மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு எழுதியவர்கள் படித்த பள்ளி வழியாகவே துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், பழைய ஆட்கள் அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்துக்குப் போக வேண்டும். தேதி தவறினால் கூடுதல் கட்டணத்தோடு தக்கலில் ஓரிரு நாள் கிடைக்கும். பிளஸ் டூவில் நம்ப முடியாத மதிப்பெண் வந்திருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுமதிப்பீடு கேட்கலாம். அதற்காகக் காத்துக்கொண்டு துணைத் தேர்வு விண்ணப்பத்தை விட்டுவிடக் கூடாது, இரண்டையும் சேர்ந்தே செய்ய வேண்டும். துணைத் தேர்வில் தேறினால் அந்த ஆண்டே பிளஸ் ஒன் சேர முடியும், ஒரு வருடம்கூட வீணாகாது.

பள்ளிக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பு அறையில் புதுப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். தவறியவர்களுக்குச் சிறப்பு வகுப்பு உண்டு என்று அறிவித்தாலும், போன வருடம் தனக்குக் கீழே படித்தவன் பார்க்க அந்த வாசலில் நுழைய எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. வகுப்பை மாலை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். முடிந்தால் ஊர் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ வையுங்கள்.

கடைசியாக, ஜீப் ஓட்டுகிறவர்களிடமும் ஆள் கூட்டிப் போகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்கும் இந்த ஒரு பாடத்தின் கதை தெரியும், சிலருக்குச் சொந்தக் கதை. ஏலத்தோட்டத்தில் பழம் எடுப்பு மும்முரமாவது ஆகஸ்டில்தான், ஜூனில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை இல்லாமல் களையெடுப்பு நின்றுவிடாது. ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் துணைத் தேர்வு முடிந்துவிடும். அதுவரைக்கும் யாராவது பெயிலான பிள்ளையை வண்டியில் ஏற்ற வந்தால், பரீட்சை எழுதிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள் அண்ணே.